மாடியில சூரியகாந்தி வளர்த்தா பூவைத் தவிர வேற எதுக்காவது ஆகுமா? எண்ணெய் எடுக்கலாமா?

ஆகும். வேரைத் தவிர எல்லாமே ஆகும். ஆனா எண்ணெய் எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அந்த ஆசைலதான் நானும் விழுந்தேன், அதான் வேலையை விட்டுட்டு உக்காந்து டைப் பண்றேன்.

உங்க மாடில ஒரு பத்து தொட்டி இருக்கும்னு வச்சுக்கறேன். நல்லா மணி பிடிச்ச ஒரு பூவுல 50 கிராம் விதை வந்தா பெரிய விஷயம். பத்து செடிக்கு அரை கிலோ. அதைத் தூக்கிட்டு செக்குக்குப் போனா செக்குக்காரரு சிரிச்சு அனுப்பிடுவாரு, அவ்வளவுதான்.

நான் தென்காசி மாவட்டம், சுரண்டை பக்கத்து ஆளு. ஆடி மாசம் சுந்தரபாண்டியபுரம் மஞ்சளா பூத்துக் கிடக்கறதை ரீல்ஸ்ல பாத்திருப்பீங்க, அந்த ஏரியாதான். 2022ல உக்ரைன் சண்டை வந்து சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறிச்சுல்ல, நாம அப்ப பெரும்பாலும் அங்க இருந்துதான வாங்கிட்டு இருந்தோம், அந்த நேரத்துல நான் சென்னை வேலையை விட்டுட்டு ஊருல சும்மா இருந்தேன், சரி இதான் சமயம்னு அப்பாவோட 60 சென்ட்ல வைகாசில ஹைபிரிட் விதை போட்டேன். அப்பா உளுந்து போடச் சொன்னாரு. கேக்கலை.

செடி வந்ததெல்லாம் அருமையாத்தான் வந்துச்சு. மண்ணு மட்டும் நல்லா அணைக்கணும், ஏன்னா செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து இருக்கே, தலை கனத்த செடியை அப்படியே படுக்கப் போட்டுரும், எனக்கு ரெண்டு பாத்தி அப்படித்தான் போச்சு. பூத்த அப்புறம் தேனீ கம்மியா இருந்துச்சு, அதனால நானும் அம்மாவும் காலைல 9ல இருந்து 11 மணிக்குள்ள பழைய வேட்டித் துணியைக் கையில சுத்திக்கிட்டு ஒவ்வொரு பூவா தடவிட்டே போவோம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இதைச் செய்யாட்டி நடுவுல எல்லாம் பொக்கா நிக்கும். மாடில தேனீ வரலைன்னா நீங்களும் இதைச் செய்யுங்க, ரெண்டு பூவை மெதுவா ஒண்ணோட ஒண்ணு தேச்சாக்கூடப் போதும்.

அப்புறம் கிளி. விடிய முன்னாடியே வந்துரும். தகரத்தைத் தட்டி, பளபளன்னு ரிப்பன் கட்டி, என்ன செஞ்சும் அதுக்கு ஒரு பங்கு போயிருச்சு.

கிளியைக்கூட மன்னிச்சிரலாம், போட்டோ எடுக்க வந்தவங்களைத்தான் என்னால மன்னிக்கவே முடியலை. கேரளால இருந்து கார்ல வர்றாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் அவங்களை மட்டும் சொல்லலை, நம்ம ஆளுங்களும் சளைச்சவங்க இல்ல. வரப்புல நின்னு எடுத்தா யாரு கேக்கப் போறா? உள்ள இறங்கி செடியை மிதிச்சு, பூவுல மணியைப் பிதுக்கிக் கண்ணு மூக்கு வரைஞ்சு வச்சிட்டுப் போறாங்க. டிக்கெட் போடுன்னு சில பேர் கமெண்ட்ல வருவீங்கன்னு தெரியும். போடறவங்க போடட்டும், எனக்கு வாசல்ல உக்காந்து காசு வாங்க மனசு வரலை, அது என் பிரச்சனை. எல்லாத்துக்கும் மேல எங்க மச்சான் ஒருத்தர், விதைப்புக்கு ஒரு நாள் வந்து நிக்கலை, பூத்த அன்னைக்கு வந்து நாப்பது போட்டோ எடுத்து 'எங்க தோட்டம்'னு ஸ்டேட்டஸ் வச்சாரு, போகும்போது மூணு லிட்டர் எண்ணெய் இப்பவே சொல்லி வச்சிட்டும் போனாரு. விடுங்க.

பூவோட பின்பக்கம் பச்சை மாறி மஞ்சளாச்சுன்னா அறுக்கலாம். நான் அறுத்ததை அப்படியே தொழுவத்துல குவிச்சுட்டேன், சாரல் சீசன் வேற, மூணாம் நாள் பாத்தா அடில பூஞ்சணம். அம்மா பேசின பேச்சை இங்க எழுத முடியாது. ஈரத்தலையைக் குவிக்கவே குவிக்காதீங்க, பரப்பிக் காய வச்சு, அப்புறம் கம்பால தட்டினா மணி உதிர்ந்திரும்.

எல்லாம் போக 210 கிலோ. 170ஐ வித்துட்டு 40 கிலோவைச் செக்குல ஆட்டினேன், 12 லிட்டர் வந்துச்சு. பாக்கெட் எண்ணெய் மாதிரி தெளிவா இருக்காது, கலங்கலா ஒரு பச்சை வாசனையோட இருக்கும், வீட்டுக்காரி ஒரு வாரம் மூஞ்சியைச் சுளிச்சா, அப்புறம் பழகிருச்சு. கணக்குப் பாத்தா அந்த வருஷம் நட்டம் இல்லை, லாபம்னும் சொல்ல முடியாது.

ஆனா மிச்சம் இருந்துச்சே, அதுதான் விஷயம். பிண்ணாக்கு மாட்டுக்கு. மணி உதிர்த்த தலையை நறுக்கிப் போட்டா ஆடு விடாம தின்னுச்சு (பூஞ்சணம் பிடிச்சதை மட்டும் குழில போட்டு மூடிட்டோம்). தட்டை, அதாவது செடியோட தண்டு, காஞ்ச பிறகு அடுப்புக்கு, குப்புன்னு எரிஞ்சு சீக்கிரம் அடங்கிரும், சோறு வடிக்கலாம், கறிக்கு ஆகாது. அந்தச் சாம்பல்ல சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஜாஸ்தி, வாழைக்குப் போட்டோம். தட்டையை உடைச்சா உள்ள தெர்மாகோல் மாதிரி வெள்ளைச் சோறு இருக்கும், பையன் அதுல கப்பல் செஞ்சு தொட்டில விட்டான். அவரைக்கொடிக்கு ஊணு கம்பாவும் நட்டேன், ரெண்டு மாசம் தாங்குச்சு, மழை பட்டதும் மக்கிருச்சு. தட்டையை வெறுங்கையால தொடாதீங்க, சொனை அரிக்கும்.

விதைத் தோலை மட்டும் பாத்து யூஸ் பண்ணுங்க. நான் கீரைப்பாத்தில பரப்பினேன், கீரை சரியாவே முளைக்கலை. சூரியகாந்திக் கழிவு சின்ன விதைங்களை முளைக்க விடாதுன்னு அப்புறம்தான் படிச்சேன். என் பாத்திக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லலை, விதையும் பழசு.

உங்க பத்து தொட்டிக்கு நான் சொல்றது இதான்: விதையை நேரா தொட்டிலயே ஊனுங்க, ஆணிவேர் உள்ளது, பிடுங்கி நட்டா சுணங்கிரும். வறுத்துக் கொறிக்கணும்னா கோடு போட்ட பெரிய விதை ரகமா வாங்குங்க, எண்ணெய்க்குன்னு உள்ள கருப்பு விதையை உரிக்கறதுக்குள்ள நகம் போயிரும். ஹைபிரிட்ல எடுத்த விதையை அடுத்த தடவை போட்றாதீங்க. நான் போட்டுப் பாத்தேன், ஒண்ணு இடுப்பளவு, ஒண்ணு ஆள் உயரம், ஒண்ணு நாலு தலையோட நின்னுச்சு.