கொடைக்கானல் குளிரில் முயலை எப்படிப் பார்த்துக்கொள்வது?

மார்கழிக் குளிரில் கொடைக்கானலில் வளரும் முயலுக்கு ஹீட்டர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முயல் குளிர் தாங்கும், வெயில்தான் தாங்காது. கொடைக்கானலுக்குப் பக்கத்தில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆடு, முயல் ஆராய்ச்சி மையம் இருப்பதே அந்தக் குளிர் ஒத்துவருவதால்தான்.

உண்மையான எதிரி ஈரமும் நேரே அடிக்கும் காற்றும். கூண்டைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்துங்கள். மூன்று பக்கம் சாக்கு கட்டி, ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள். முழுக்க மூடினால் மூத்திர நெடி தேங்கி மூச்சுக்கோளாறு வரும். உள்ளே ஒரு மரப்பெட்டி, அது நிறைய காய்ந்த வைக்கோல். முயல் அதைக் கால்களால் பறித்துக் குழியாக்கி, காதை முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நனைந்த வைக்கோலை அன்றன்றே மாற்றுங்கள். பழைய துணி, பஞ்சு வேண்டாம். கடித்து விழுங்கினால் குடல் அடைக்கும். சூட்டுக்குக் குண்டு பல்பும் வேண்டாம், ஒயரைக் கடிக்காத முயலை நான் பார்த்ததில்லை.

உறைபனி விழும் இரவில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றி, முயலுக்கு எட்டாத இடமாகப் பெட்டிக்கு வெளியே ஒட்டி வைக்கலாம். காய்ந்த புல் எப்போதும் இருக்கட்டும், அதைச் செரிப்பதிலும் உடம்புக்குச் சூடு கிடைக்கிறது. குளிப்பாட்டவே கூடாது.

காது சில்லென்று இருந்தால் பதற வேண்டாம், அது வழக்கம்தான். ஆனால் அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் சுருண்டு கிடந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.