பெர்ஃப் கவுண்டர் நிரம்பியதும் வரும் சிக்னல் ஏன் வேறு த்ரெட்டுக்குப் போகிறது?

கேள்வி இதுதான்: லினக்ஸில் பெர்ஃப்_ஈவென்ட்_ஓப்பன் மூலம் ஒரு த்ரெட் ஓட்டும் இன்ஸ்ட்ரக்‌ஷன்களை எண்ணி, பத்து லட்சம் ஆகும்போதெல்லாம் ஒருவர் சிக்னல் கேட்கிறார். சிக்னல் வருகிறது, ஆனால் மெயின் த்ரெட்டுக்குப் போகிறது. கவுண்டர் நிரம்பிய இடமாக அது காட்டும் நிரல் வரியும் தப்பு.

இங்கே மொரீஷியஸின் எபேனில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பியும் போன வாரம் இதே இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். உண்மையில் இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள்.

முதலாவது சுலபம். சிக்னல் யாருக்குப் போக வேண்டும் என்பதை எஃப்கன்ட்ரோல் அழைப்பில் சொல்கிறோம். அதில் எஃப்_செட்ஓன் கொடுத்தால் சிக்னல் மொத்த புராசஸுக்கும் பொதுவாகப் போகும். மெயின் த்ரெட் அதைத் தடுத்து வைக்கவில்லை என்றால் கெர்னல் பெரும்பாலும் அதன் கையில்தான் கொடுக்கும். எஃப்_செட்ஓன்_இஎக்ஸ் எடுத்து, வகைக்கு எஃப்_ஓனர்_டிஐடி, எண்ணுக்கு கெட்டிஐடி தரும் த்ரெட் எண்ணைப் போடுங்கள். கூடவே எந்த சிக்னல் என்று சொல்லும் எஃப்_செட்சிக்கும் வேண்டும். அதைப் போடாவிட்டால் வெறும் சிக்ஐஓதான் வரும். எந்த ஃபைல் டிஸ்கிரிப்டரால், அதாவது எந்தக் கவுண்டரால், வந்தது என்று ஹேண்ட்லருக்கு (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷனுக்கு) தெரியாது. எஃப்_செட்சிக்கில் அதே சிக்ஐஓவைக் கொடுத்தாலும், எஸ்ஏ_சிக்இன்ஃபோவுடன் பதிந்த ஹேண்ட்லரில் அந்த டிஸ்கிரிப்டர் எஸ்ஐ_எஃப்டியில் நிரம்பி வரும். பல கவுண்டர்கள் வைத்திருந்தால் ரியல்டைம் சிக்னல் நல்லது. சிக்ஐஓ ஒன்று காத்திருக்கும்போது அடுத்தது வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஹேண்ட்லரைப் பதிந்த பிறகே கவுண்டரை ஓட விடுங்கள். லினக்ஸில் சிக்ஐஓவுக்கு இயல்பான நடவடிக்கை புராசஸை முடித்துவிடுவது. ‘ஐ/ஓ பாசிபிள்’ என்று டெர்மினலில் ஒரு வரி, அவ்வளவுதான், நிரல் காலி. ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப், மாலக் இரண்டையும் தொடாதீர்கள். கவுண்டரைப் படித்து, ஒரு மாறியில் குறித்து, இன்னும் எத்தனை முறை நிரம்பலாம் என்று சொல்லும் ரிஃப்ரெஷ் ஐஓசிடிஎல்லை 1 என்று கொடுத்து வெளியே வாருங்கள். ரிஃப்ரெஷில் தந்த எண்ணிக்கை தீர்ந்ததும் சிக்னலின் காரணக் குறியாக போல்_இன்னுக்குப் பதில் போல்_ஹப் வரும், கவுண்டர் தானே நின்றுவிடும். கவனிக்க வசதியான வழி இது.

இரண்டாவதுதான் கடினம். மொரீஷியஸில் இருப்பவர்களுக்குப் புரியும்படி சொன்னால், காற்று மணிக்கு 120 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டதாகப் பதிவான பிறகுதான் நான்காம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வருகிறது. எந்த வீச்சு எந்த மரத்தைச் சாய்த்தது என்று அது சொல்லாது. கவுண்டரும் அப்படியே. எண்ணிக்கை நிரம்பியதும் பிஎம்யூ, அதாவது பிராசஸருக்குள் இருக்கும் எண்ணும் பகுதி, இன்டரப்ட் எழுப்பும். எக்ஸ்86-ல் அது என்எம்ஐ, தடுக்க முடியாத இன்டரப்ட். அதற்குள்ளிருந்து சிக்னல் அனுப்ப முடியாது என்பதால் கெர்னல் வேலையை, சற்றுப் பிறகு செய்யும் ஐஆர்கியூ_ஒர்க்கிடம் தள்ளிவிடும். இன்டரப்ட் எழுவதற்கே கொஞ்சம் தாமதம் ஆகும். இதற்கிடையில் நிரல் சில இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் முன்னே போயிருக்கும். இதுதான் சறுக்கல். துல்லியமான முகவரி வேண்டுமென்றால் ஆட்ரிப்யூட்டில் ப்ரிசைஸ்_ஐபியை உயர்த்தி, முகவரியை கெர்னல் பதிவுகளை எழுதும் ரிங் பஃபரிலிருந்து எடுங்கள். ஹேண்ட்லருக்குக் கிடைக்கும் ரிஜிஸ்டர்களை நம்ப வேண்டாம்.

2021-ல் வந்த 5.13 கெர்னலில் இன்னொரு வழி சேர்ந்தது: ஆட்ரிப்யூட்டில் சிக்ட்ராப் பிட். நிகழ்வை உண்டாக்கிய த்ரெட்டுக்கே சிக்ட்ராப் போகும், எஃப்கன்ட்ரோல் வேலை எதுவும் இல்லை. சிக்_டேட்டாவில் நீங்கள் வைத்த 64 பிட் எண் எஸ்ஐ_பெர்ஃப்_டேட்டாவாகத் திரும்பி வரும். ரிமூவ்_ஆன்_எக்ஸெக் பிட்டையும் சேர்த்துப் போடாவிட்டால் இஇன்வால் பிழை வாங்குவீர்கள். ஹார்டுவேர் கவுண்டரில் மேலே சொன்ன சறுக்கல் இதிலும் உண்டு. ஆனால் ஒரு மாறியை யார் எழுதுகிறார்கள் என்று அதன் முகவரியில் ஹார்டுவேர் பிரேக்பாயிண்ட் வைத்துப் பிடிக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. எக்ஸ்86-ல் நான்கு பிரேக்பாயிண்ட் முகவரிகள் மட்டுமே என்பது நினைவிருக்கட்டும்.

வெளியிலிருந்து இன்னொரு புராசஸைக் கண்காணிப்பதுதான் நோக்கமென்றால் சிக்னலே வேண்டாம், ரிங் பஃபரும், அதில் பதிவு வரும்வரை காத்திருக்கும் ‘போல்’ (poll) அழைப்பும் போதும்.

அப்புறம், வாடகை விர்ச்சுவல் மெஷினில் இஎன்ஓஇஎன்டி பிழை வந்தால் உங்கள் நிரலைக் குடையாதீர்கள். அங்கே பிஎம்யூவே தெரியாமல் இருக்கலாம். டாஸ்க் கிளாக் என்ற சாஃப்ட்வேர் ஈவென்ட்டை வைத்து, சிக்னல்களுக்கு இடையிலான காலத்தை நானோவினாடியில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.