மதிலோரம் விட்ட ஐந்தடி

அன்புள்ள சார்,

சென்னைப் புறநகரில் 1200 சதுர அடியில் ஒரு மனை வாங்கியிருக்கிறேன். விதிப்படி கட்டுவேன் என்று நானே உறுதி கொடுத்து வாங்கும் சுயசான்று முறையில் அனுமதியும் வந்துவிட்டது. பக்கவாட்டில் மூன்றடி காலியாக விட வேண்டும். மேஸ்திரி சிரிக்கிறார். 'எப்படியும் பின்னாடி வரன்முறை போடுவாங்க தம்பி, அப்பக் காசு கட்டிக்கலாம்' என்கிறார். பக்கத்து வீடுகள் எல்லாம் மதிலை ஒட்டித்தான் இருக்கின்றன. அதிகாரிகளின் ஊழல்தான் இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். ஆனாலும் விதிமீறிக் கட்டியதைச் சட்டப்படி ஆக்கும் இந்த வரன்முறைத் திருத்தங்கள் ஏழைகளுக்கு உதவத்தானே செய்கின்றன? நான் அந்த மூன்றடியை விட வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சில மாதங்களாக அப்பாவின் பழைய கோப்புகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அவர் வீடு கட்ட வாங்கிய பிளான் நேற்றுதான் கையில் கிடைத்தது. நீலம் வெளுத்து, மடிப்புகளில் கிழிந்து. இன்று உங்கள் கடிதம்.

ஊழலைப் பற்றி நீங்கள் எழுதியதை விட்டுவிடுகிறேன், டீக்கடையில் பேசித் தீர்ந்த விஷயம் அது. 2024-ல் வந்த சுயசான்று முறை நல்லதுதான். 2500 சதுர அடிக்குள் மனை வைத்திருப்பவரை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவதில் யாருக்கும் லாபமில்லை. சரி, லாபம் அடைந்தவர்கள் இருந்தார்கள், அவர்களை நீங்களே குறிப்பிட்டுவிட்டீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த 'ஏழைகள்' என்ற சொல்லைப் பார்த்துத்தான். இத்தனை படித்த நீங்கள் இதை இவ்வளவு சோம்பலாக எழுதலாமா?

உங்கள் மேஸ்திரி ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார். நம் ஊரில் நகரமைப்புச் சட்டம் என்றால் அது ஒரு தேதி. 1971-ஆம் ஆண்டின் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவை 1998-ல் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டியவர்கள் பணம் கட்டினால் போதும், வரன்முறை. இந்த ஒரு முறைதான் என்றார்கள். அதை நம்பி உச்ச நீதிமன்றமும் 2000-ல் பிரிவைச் செல்லும் என்றது. ஆனால் 2000, 2001, 2002 என்று வரிசையாகக் கெடுவைத் தள்ளினார்கள். நடுவில் ஆட்சி மாறியது. தேதி மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்ளும் இரண்டு கழகங்களும் இதில் மட்டும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்குவார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. தி.நகர்க் கட்டடங்களில் கைவைக்க வேண்டிய நேரம் வந்ததும் அவற்றைக் காக்க 2007-ல் அவசரச் சட்டம் வந்தது. 2012-ல் இன்னொரு வரன்முறைப் பிரிவு, 113-சி. இம்முறை கெடு 2007 ஜூலை 1.

அந்தத் தி.நகர் ரங்கநாதன் தெருவில் எத்தனை ஏழைகள் அடுக்குமாடிக் கடை கட்டியிருக்கிறார்கள், சொல்லுங்கள்.

உங்கள் ஏழை வேறு இடத்தில் இருக்கிறார். பஞ்சாயத்து முத்திரையைக் காட்டி விற்ற மனையை நகையை விற்று வாங்கியவர். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது அவர் பத்திரம் வெறும் தாளாகிவிட்டது. அந்த மனைகளை வரன்முறைப்படுத்த, 2016 அக்டோபர் 20-ஐக் கெடுவாக வைத்து 2017-ல் வந்த விதிகள் அவருக்குத் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் கட்டியது யார்? அவர்தான். லேஅவுட் போட்டு, சாலைக்கும் பூங்காவுக்கும் விட வேண்டியதை விடாமல் விற்றவர் எப்போதோ அடுத்த ஊருக்குப் போய்விட்டார். இவரை முன்னால் நிறுத்திக்கொண்டு அந்தக் கடைக்காரர்களும் வரிசையில் நுழைகிறார்கள். நீங்களும் அவரையே துணைக்கு அழைக்கிறீர்கள்.

அப்பா 1984-ல் கட்டினார். பிளானில் ஒரு பக்கம் ஐந்தடி விடச் சொல்லியிருந்தது. விட்டால் பூஜையறை கிடையாது. கொத்தனார் அப்போதும் சிரித்தார். அப்பா டேப்பைப் பிடித்து இரண்டு முறை அளந்து, விட்டார். அம்மாவுக்கு சுவாமி படங்களைச் சமையலறை அலமாரியில் வைக்கும்படி ஆயிற்று. 'அஞ்சடி மண்ணுக்கு ஒரு அறையைத் தூக்கிக் கொடுத்த மகராசன்' என்று கடைசி வரை சொன்னாள். அந்த ஐந்தடியில் ஒரு நந்தியாவட்டை நின்றது. கொடியில் துணி காய்ந்தது. நான் பத்தாம் வகுப்புக்குப் படித்தது அங்கே உட்கார்ந்துதான்.

பக்கத்து மனைக்காரர் 93-ல் மதில் வரை இழுத்துக் கட்டினார். மேலே சன்ஷேடு எங்கள் பக்கம் நீண்டது. மழை பெய்தால் அவர்கள் வீட்டுத் தண்ணீர் எங்கள் செடி மேல். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவை ஒருமுறை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர் கார்தான். வரன்முறைத் திட்டத்தில் மனுப் போட்டார், பணம் கட்டினார், சில வருடங்களில் உத்தரவு வந்தது. அன்று லட்டு கொண்டுவந்து கொடுத்தார். அப்பா வாங்கிச் சாப்பிட்டார், வாழ்த்தினார். ராத்திரி படுக்கும்போது அம்மாவிடம் கேட்டார்: 'நாம விட்ட அஞ்சடிக்கு மனுப் போட ஏதாவது ஃபாரம் இருக்கா?'

அரசாங்கத்தைப் பற்றி அவர் அடித்த ஒரே ஜோக் அது. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. மீறியவனுக்குப் பிரிவு உண்டு, ஃபாரம் உண்டு, கட்டணம் உண்டு, கெடுவும் தள்ளிக்கொடுப்பார்கள். விட்டவனுக்குச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அபராதம் என்று பெயர் வைத்தாலும் அந்தப் பணம் விலைதான். ஒவ்வொரு முறை தேதி நகரும்போதும் அந்தத் தேதிக்குக் காத்திருந்தவன் கெட்டிக்காரன், என் அப்பா போன்றவர்கள் ஏமாளிகள் என்று சட்டசபையிலேயே ஓட்டெடுத்துச் சொல்கிறார்கள். இதில் மேஸ்திரியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இருபத்தைந்து வருட அரசாணைகளை அவர் படிக்காமலே மனப்பாடம் செய்திருக்கிறார்.

உங்கள் மீது கோபமில்லை. 1200 சதுர அடியில் மூன்றடி என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வங்கிக் கடனில் ஒவ்வொரு அடிக்கும் வட்டி கட்டப்போகிறவர் நீங்கள்.

மூன்றடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா. அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டதா? இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். மேஸ்திரி வருவதற்கு முன்.