ஒருத்தன் மேல் ரசம், ஒருத்திக்கு வயிற்றுப்போக்கு: யாரை முதலில் பார்ப்பது?

கேள்வி: எனக்கு 3 வயதில் மகன், 9 மாதத்தில் மகள். கணவருக்கு வெளியூரில் வேலை. பகல் முழுக்க நான் மட்டும்தான். போன வாரம் சின்னவளுக்குக் காலையிலிருந்தே வயிற்றுப்போக்கு. அவளுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, இறக்கித் தரையில் வைத்திருந்த ரசத்தைப் பெரியவன் தொடையில் கொட்டிக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்த, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி பற்பசை தடவினேன். ஆட்டோ கிடைத்து மருத்துவமனைக்குப் போக ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. சின்னவளுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன், வாந்தி எடுத்துவிட்டாள். ராத்திரி அவள் அழுகையை நிறுத்தவே இல்லை. பிடித்து உலுக்கிவிடலாம் போல இருந்தது. அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, இரண்டு குழந்தைகள் ஒரே சமயத்தில் கத்தும்போது யாரிடம் ஓடுவது என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தால்தான் கை ஓடும். சத்தம் போடாத குழந்தையை முதலில் பாருங்கள். வீறிட்டு அழுகிற குழந்தைக்கு மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. துவண்டு கிடக்கிற, இருமவோ அழவோ முடியாமல் திணறுகிற குழந்தைக்குத்தான் நிமிடக் கணக்கு. உங்கள் வீட்டில் அன்று இருவரும் அழுதார்கள். அப்படியானால் பெரியவன்தான் முதலில். சின்னவளைக் கால் கழுவியது பாதியில் நின்றாலும் அப்படியே பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு அவனிடம் போகலாம்.

அந்தப் பாதுகாப்பான இடம் எது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். கட்டில் வேண்டாம், 9 மாதக் குழந்தை புரண்டு விழும். தூளியும் வேண்டாம். எழுந்து உட்காரத் தெரிந்த குழந்தையைத் தூளியில் தனியாக விட்டால் கவிழ்ந்து விழும், துணி கழுத்தில் சுற்றும் ஆபத்தும் உண்டு. கதவைச் சாத்தினால் வெளியே வர முடியாத ஓர் அறையின் தரையில் பாயை விரித்து, காசு, பொத்தான் பேட்டரி, மாத்திரை, சார்ஜர் ஒயர் எதுவும் எட்டாதபடி செய்து வையுங்கள். அங்கே அரை மணி நேரம் அழுதாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. குளியலறையில் மட்டும் விடாதீர்கள். வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் தலைகீழாக விழுந்த குழந்தையால் எழ முடியாது. வாளியை எப்போதும் கவிழ்த்தே வைப்பது நல்லது.

இனி ரசம் பட்ட தொடை. 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீரே குழந்தையின் மெல்லிய தோலைச் சில விநாடிகளில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். அப்போதுதான் இறக்கிய ரசம் அதைவிடச் சூடு. முதல் வேலை, நனைந்த துணியைக் கழற்றுவது. டவுசரின் எலாஸ்டிக், ஜட்டி, டயப்பர் எல்லாம் சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு தோலை வேகவைத்துக்கொண்டே இருக்கும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காமல், அதைச் சுற்றிலும் கத்தரித்து விடுங்கள். காயத்துக்குப் பக்கத்தில் அரைஞாண் கயிறோ கொலுசோ இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் வீங்கி, இறுக்கத் தொடங்கும்.

பிறகு குழாய்த் தண்ணீர், 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடத்தில் குழந்தை அழுகையை நிறுத்தியதும் நாமும் நிறுத்திவிடுகிறோம். தோலுக்கு உள்ளே சூடு இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே கொதிக்கும். முதலில் உங்கள் கையில் பிடித்துப் பாருங்கள். சூடாக வந்தால் குடத்துத் தண்ணீரை மொண்டு விடாமல் ஊற்றுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம்; அது ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். காயம் பட்ட இடம்தான் குளிர வேண்டும், குழந்தை குளிரக் கூடாது. மற்ற உடம்பைத் துண்டால் போர்த்தி வையுங்கள். பட்ட உடனே ஊற்றியிருந்தால்தான் முழுப் பலன். ஆனாலும் 3 மணி நேரத்துக்குள் எப்போது ஊற்றினாலும் பயனுண்டு. ஆட்டோ வரும்வரை இருந்த நேரத்தை அதற்குப் பயன்படுத்தியிருக்கலாம்.

பற்பசை, இங்க், மாவு, மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். இவை சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கின்றன. மருத்துவமனையில் அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தின் ஆழம் தெரியும். அந்தச் சுரண்டல் குழந்தைக்கு இரண்டாவது வேதனை. பக்கத்து வீட்டு அக்காவைக் குறை சொல்லவில்லை. அவர் உதவத்தான் வந்தார். அடுத்த முறை அவரிடம் சின்னவளைக் கொடுத்துவிட்டு நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள்.

20 நிமிடம் ஆனதும் துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியாலோ, சமையலறையில் சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளாலோ தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். விரல்களோடு சேர்த்துக் குழந்தையின் உள்ளங்கை, அதன் உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். காயம் அந்த அளவைத் தாண்டினால், அல்லது கொப்புளம் வந்தால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தால் அளவே பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். 10 உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டால் நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். ஆட்டோ தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 வேளைக்கு மேல் போகாமல். உங்கள் மகன் 14 கிலோ என்றால், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 4 மில்லி. இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. கைக்குழந்தைக்கு வாங்கிய சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும்; 5 மில்லிக்கு 125 என்று எழுதிய சிரப்பைவிட அது நான்கு மடங்கு வீரியம். பாட்டிலை மாற்றி எடுத்து, சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது. லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

சின்னவளுக்கு வருகிறேன். 20.5 கிராம் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், முழுப் பாக்கெட்டும் ஒரே தடவையில். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பும் சர்க்கரையும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ரத்தத்தில் உப்பும் கூடும். 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் கடையில் உண்டு. எதை வாங்கினாலும் எவ்வளவு தண்ணீர் என்று உறையில் பாருங்கள். பழச்சுவையில் டப்பாவில் வரும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டியால். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, நிமிடத்துக்கு ஒரு சின்னக் கரண்டி என்று மெதுவாகத் தொடங்குங்கள். கடகடவென்று புகட்டினால் வாந்திதான் வரும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, வழக்கமான குழைந்த சாதத்தையும் நிறுத்த வேண்டாம். கூடவே ஜிங்க் நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். மூன்றாம் நாளே போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுங்கள். கண் குழிவது, உச்சிக்குழி பள்ளமாவது, 6 மணி நேரம் சிறுநீர் போகாதது, மலத்தில் ரத்தம், குடிக்கவே முடியாத சோர்வு – இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

திணறலையும் சொல்லிவிடுகிறேன். தவழும் வயதில் எதையும் வாயில் போடுவார்கள். இருமினால் இரும விடுங்கள். சத்தமே வரவில்லை என்றால், சின்னவளை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு. பிறகு மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்தம். பொருள் வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். நினைவு தப்பினால் 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

உலுக்கத் தோன்றியதை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி. தூக்கமில்லாத, உதவிக்கு ஆளில்லாத தாய்க்கு அப்படித் தோன்றுவது அபூர்வம் அல்ல. ஆனால் செய்துவிடக் கூடாது. கைக்குழந்தையின் தலை கனம், கழுத்தில் வலு இல்லை. உலுக்கினால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியும், உயிரே போகலாம். அந்த நிமிடத்தில் அவளை அந்தப் பாயில் விட்டு, கதவைச் சாத்தி, வாசலில் வந்து 5, 10 நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். யாருக்காவது போன் போடுங்கள். இரண்டு வாரமாகவே அழுகையும், எதிலும் பிடிப்பில்லாமையும், குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராமையும் இருக்கிறது என்றால், அது சோர்வு மட்டும் அல்ல, மருத்துவத்தால் சரியாகக்கூடிய மனச்சோர்வாக இருக்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மகனின் காயம் இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. காய்ச்சல், நாற்றம், சுற்றிலும் பரவும் சிவப்பு இருந்தால் கட்டு மாற்றும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். கொட்டிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தோல் மூடவில்லை என்றால் தழும்பு தடித்துப்போகும் வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டிவிடுங்கள். மூடிவிட்டால் அரிக்கும், சொறியப் பார்ப்பான். நகத்தை வெட்டி, தேங்காய் எண்ணெயை நாளுக்கு இரண்டு மூன்று முறை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். சில மாதங்களுக்கு அந்தத் தொடையில் வெயில் படாமல் துணியால் மூடியே இருக்கட்டும்.