"வேலை இருக்குமா அக்கா?"

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதும் ஆர்டர் குறைந்துவிட்டது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்டுக்கே இழுபறி. "வேலை இருக்குமா அக்கா?" என்று என் லைனில் 30 பேரும் கேட்கிறார்கள். முதலாளியோ, "எதுவும் சொல்லாதே, ஆள் ஓடிவிடும்" என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: சகோதரி, நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாதா? மெஷின் பக்கத்தில் எத்தனை பண்டில் கிடக்கிறது என்று டெய்லர் கண்ணாலேயே எண்ணிவிடுவார். அடுத்த ஆர்டரின் லேபிள் இன்னும் வரவில்லை என்பது செக்கிங் பெண்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். உங்கள் மௌனத்துக்கு அவர்களாக ஓர் அர்த்தம் வைத்துக்கொள்வார்கள். அது நிலைமையைவிட மோசமாகத்தான் இருக்கும்.

2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கும். என் அக்காவின் கணவர் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாயம் போட்ட துணி வராமல் அவர் வேலையும் நின்றது. "பதினைந்து நாளில் சரியாகிவிடும்" என்று அவருடைய முதலாளி நல்ல மனதோடுதான் சொன்னார். மூன்றாம் மாதமும் அதையே சொன்னார். பிறகு ஆர்டர் வந்து கூப்பிட்டபோது மாமா போகவில்லை. "சம்பளம் போனதுகூடப் பரவாயில்லை. அவர் பேச்சை நம்பி, வாடகைக்கு வேறு வழி பார்க்காமல் இருந்துவிட்டேன்" என்பார்.

அதனால் "வேலை இருக்கும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வரி வாஷிங்டனில் முடிவாகிறது. ஆனால் கையில் இருக்கும் ஆர்டர் எத்தனை நாள் ஓடும் என்று உங்களுக்குத் தெரியுமல்லவா? சனிக்கிழமை சம்பளம் போடும்போது, மெஷின்களை நிறுத்திவிட்டு ஐந்தே நிமிடம் பேசுங்கள். "12 நாளுக்கு வேலை இருக்கிறது. அதற்கு மேல் எனக்கே தெரியாது. அடுத்த சனிக்கிழமை மறுபடி சொல்கிறேன்." சொல்ல எதுவும் இல்லாத சனிக்கிழமையும் வந்து நில்லுங்கள். ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருந்தால் இந்தி தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வதந்தி அவர்களிடம் முதலில் போகும், செய்தி கடைசியில்தான் போகும்.

முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். ஆள் ஓடிவிடும் என்ற அவருடைய பயமும் பொய்யல்ல, இரண்டு மூன்று பேர் போகத்தான் செய்வார்கள். போகிறவர்களின் பாக்கியை முகம் சுளிக்காமல் தீர்க்கச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் 27 பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலை இன்னும் குறைந்தால் சிலரை நிறுத்துவதா, எல்லோருக்கும் வேலை நாட்களைக் குறைப்பதா என்று லைனிடமே கேளுங்கள். தீபாவளி போனஸ் பற்றி மட்டும், முதலாளி தொகையைச் சொல்லும்வரை வாயைத் திறக்காதீர்கள்.