க்ளட்ச் பெடலே இல்லாத காரில் க்ளட்ச்சைத் தேய்த்தது யார்?

கேள்வி: பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்கிறேன். 14 மாதத்துக்கு முன் ரூ.14.80 லட்சம் கொடுத்து டிசிடி (இரட்டை க்ளட்ச்) கியர்பாக்ஸ் கொண்ட ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். 9,400 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. மூன்றாவது மாதத்திலேயே ஒன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டி உதற ஆரம்பித்தது. ஒருமுறை திம்பம் மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது, கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று டிஸ்ப்ளேயில் காட்டி, கொண்டை ஊசி வளைவிலேயே நின்றுவிட்டது. நான்கு முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன். இரண்டு முறை சாஃப்ட்வேர் ஏற்றினார்கள், இரண்டு முறை "நார்மல்தான் சார்" என்று திருப்பித் தந்தார்கள். இப்போது க்ளட்ச் தேய்ந்துவிட்டது, அது தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது, ரூ.1.12 லட்சம் ஆகும் என்கிறார்கள். வண்டி என் கடை பெயரில் இருக்கிறது. பில்லில் "சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று அச்சடித்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அங்கே 'லெமன் லா' என்று ஒன்று உண்டு, புது வண்டியே கொடுப்பார்கள் என்கிறார். எனக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் மச்சான் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் சொல்வது சரிதான். அங்கே பல மாநிலங்களில், ஒரே பழுதுக்கு இத்தனை முறை ஒர்க்‌ஷாப் போனால், இத்தனை நாள் வண்டி முடங்கினால், கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்தில் அந்தக் கணக்கு இல்லை. நான்கு முறை போனீர்கள் என்பதாலேயே ஐந்தாவது முறை புது வண்டி கிடைக்காது. நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் குறையை நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

எதை வைத்து நிரூபிப்பது? ஒவ்வொரு முறை வண்டி விடும்போதும் சர்வீஸ் சென்டர் எழுதித் தந்த ஜாப் கார்டுகளை பீரோவிலிருந்து எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் சொன்னது என்று ஒரு கட்டம், ஒர்க்‌ஷாப் கண்டது என்று ஒரு கட்டம், கீழே உங்கள் கையெழுத்து. முதல் கட்டத்தில் "1-2 கியர் மாறும்போது உதறல், ஏற்றத்தில் கியர்பாக்ஸ் சூடு எச்சரிக்கை" என்று இருக்கிறதா, அல்லது "பொதுச் சோதனை" என்று இருக்கிறதா? உங்கள் வழக்கின் பாதி உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது. என்னிடம் ஒருவர் ஏழு ஜாப் கார்டோடு வந்தார். ஏழிலும் "பொதுச் சோதனை, வாட்டர் வாஷ்". அவர் கவுன்டரில் நின்று கத்தியது ஊருக்கே தெரியும், ஆனால் காகிதத்தில் ஒரு வரி இல்லை. அடியில் "முழுத் திருப்தி" என்று கையெழுத்தும் போட்டிருந்தார். தோற்றோம்.

உங்கள் கார்டுகளும் அப்படி இருந்தால் இடிந்து போக வேண்டாம். ஒவ்வொரு முறையும் என்ன சொல்லி விட்டீர்கள், என்ன செய்து கொடுத்தார்கள் என்று தேதி, கிலோமீட்டரோடு ஒரு மெயில் எழுதி, டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். சாஃப்ட்வேர் ஏற்றியதற்கான பதிவு அவர்கள் சிஸ்டத்தில் இருக்கும். குறையே இல்லாத கியர்பாக்ஸுக்கு எதற்கு இரண்டு முறை சாஃப்ட்வேர் என்று நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். இனி வண்டி விடும்போது உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் "குறை தீரவில்லை" என்று பேனாவால் எழுதுங்கள். அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்து அந்தத் தேய்மானப் பொருள் வாதம். க்ளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர் போன்றவற்றை வாரண்டி புத்தகத்தில் தேய்மானப் பட்டியலில் போடுவது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது எது? இந்த வகை கியர்பாக்ஸில் இரண்டு க்ளட்ச் உண்டு. ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படை கியர்களுக்கு. எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. எண்ணெயில் நனையாத உலர் க்ளட்ச் என்றால், ஊர்ந்து போகும்போது பாதி பிடித்த நிலையில் உரசி உரசிச் சூடேறும். மேனுவல் வண்டியில் "நீ ஹாஃப் க்ளட்ச்சில் ஓட்டியிருப்பாய்" என்று டிரைவர் மேல் பழி போடலாம். உங்கள் காரில் க்ளட்ச் பெடலே கிடையாது. 9,400 கிலோமீட்டரில் அதைத் தேய்த்தது நீங்களா, அவர்கள் எழுதிய சாஃப்ட்வேரா? இந்தக் கேள்வியை வக்கீல் நோட்டீஸிலேயே வையுங்கள். ஒன்று மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள்: ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் உண்டா? உண்டென்றால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். திம்பத்தின் 27 வளைவையும் சொல்லி, இதெல்லாம் அசாதாரண ஓட்டம் என்றும் வாதாடுவார்கள். மலைச் சாலை உள்ள நாட்டில் விற்கும் காருக்கு மலை ஏறுவது அசாதாரணம் என்பதை எந்த ஆணையமும் எளிதில் ஏற்காது என்பது என் எண்ணம்.

இருந்தாலும் வாதம் மட்டும் போதாது, நிபுணர் அறிக்கை வேண்டும். சட்டத்தின் 38-ஆவது பிரிவில், சோதித்தால்தான் தெரியும் என்கிற குறைக்கு ஆணையமே சோதனைக்கு அனுப்பலாம். செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் போதும் என்று பலர் மனுப் போடுகிறார்கள். பிரேக், லைட், ஓட்டத் தகுதிக்கு அவர் சரி. கியர்பாக்ஸுக்குள் நடப்பதைச் சொல்ல ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரைக் கேளுங்கள். உங்களுக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஊரில் இன்னும் ஐ.ஆர்.டி.டி. என்றே சொல்கிறோமே, சித்தோடு பக்கம் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரி, அங்கே அந்தத் துறை இருக்கிறது. அதுவரை வெளி மெக்கானிக் யாரும் கியர்பாக்ஸைக் கழற்றக் கூடாது. கழற்றினால் வாரண்டியும் போகும், சாட்சியும் போகும்.

முழுப் பணம் கிடைக்குமா என்று கேட்டீர்கள். உச்ச நீதிமன்றம் 2006-ல் மாருதி வழக்கு ஒன்றில், வாரண்டி சொல்வது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதைத்தான், காரையே மாற்றித் தருவதை அல்ல என்றது. கம்பெனி வக்கீல்கள் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். 2010-ல் ஃபியட் வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம், தனி நிபுணர் சோதித்து உற்பத்திக் குறை என்று சொன்னால் வண்டி விலையை 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றது. இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. அதனால் மனுவில் பணம் திரும்ப வேண்டும் என்று முதலிலும், அது முடியாவிட்டால் இலவசமாகப் புது கியர்பாக்ஸ், நீட்டித்த வாரண்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று மாற்றாகவும் கேளுங்கள். என் கணிப்பு, இரண்டாவது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கடை பெயரில் இருப்பதை வைத்து "இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று கட்டாயம் சொல்வார்கள். 2019-ல், நர்ஸுகள் தங்குவதற்காக ஒரு மருத்துவ அறக்கட்டளை வாங்கிய வீடுகள் பற்றிய வழக்கில், வாங்கியவர் யார் என்பதை விட அந்தப் பொருளுக்கும் லாபம் ஈட்டும் வேலைக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். வணிக நோக்கம் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024-லும் சொல்லியிருக்கிறது. நீங்களும் குடும்பமும் போய்வரும் கார் என்றால் கவலையில்லை. அதில் ஜமக்காளக் கட்டுகளை ஏற்றி டெலிவரியும் செய்திருக்கிறீர்கள் என்றால் உங்கள் வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு போட்டோவை நீட்டும்போதுதான் அவர் அதை முதன்முதலாகப் பார்க்கிறார் என்று ஆகிவிடக் கூடாது.

பில்லில் அச்சடித்த சென்னை வாசகத்தை மறந்துவிடுங்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 34-ஆவது பிரிவு சொல்கிறது. கொடுத்த விலை ரூ.50 லட்சத்துக்குள் என்பதால் ஈரோடு மாவட்ட ஆணையம் போதும். கட்டணம் ரூ.400. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவர் "அது அவர் வேலை" என்று கைகாட்டுவார். டீலர் செய்த ஒவ்வொன்றுக்கும் கம்பெனி தானாகப் பொறுப்பாகாது என்று 2021-ல் தீர்ப்பே இருக்கிறது. கம்பெனிக்கும் மெயில் அனுப்பச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

காலக்கெடு இரண்டு வருடம். முதல் புகாரிலிருந்து எண்ணுவதா, கடைசி ரிப்பேரிலிருந்தா என்று பிறகு வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். வாங்கிய நாளிலிருந்தே எண்ணினால் உங்களிடம் 10 மாதம் இருக்கிறது, அதற்குள் போட்டுவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதால் கெடு நீளாது. சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் ஒன்றரை, இரண்டு வருடம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கோபத்தில் கார் லோன் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பேங்குக்கும் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை.

அந்த ரூ.1.12 லட்சத்தை இப்போது கட்ட வேண்டாம். வண்டி இல்லாமல் முடியவே முடியாது என்றால், "எதிர்ப்புடன் செலுத்துகிறேன், உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று மெயில் எழுதிவிட்டுக் கட்டுங்கள். வேலை தொடங்கும் முன் கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட்டில் இருக்கும் பிழைக் குறியீடுகளின் பிரிண்ட் கேளுங்கள். கழற்றிய பழைய க்ளட்ச்சைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றினால்தான் பழைய பாகம் கம்பெனிக்குச் சொந்தம். பணம் கட்டினால் அது உங்களுடையது. ஒரு சாக்கில் கட்டி, தேதியும் ஜாப் கார்டு எண்ணும் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பேராசிரியர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.