சித்தாளாகப் போங்கள்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. வயது 24. கோவையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். வருகிற ஜூலையில் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றில் இரண்டு வாரம் தங்கி, ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டித்தரும் தன்னார்வப் பயணத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். விமானம், தங்குமிடம், நன்கொடை எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். மூன்று வருடச் சேமிப்பு. அந்தப் பணத்தை அனுப்பினால் அந்த ஊர்க் கொத்தனாரே வீட்டை முடித்துவிடுவார், நீ எதற்கு என்கிறான் நண்பன். ‘நம்ம ஊர்ல வீடில்லாதவங்க இல்லையா’ என்கிறார் அம்மா. இருவருக்கும் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நீங்கள் அங்கே போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். நான் போகலாமா?

க.

அன்புள்ள க.,

போகலாம். உங்கள் நண்பர் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டுப் போங்கள். அந்த வீட்டை எழுப்பப்போவது அந்த ஊர்க் கொத்தனார்தான். நீங்கள் செங்கல் எடுத்துக் கொடுப்பீர்கள், கலவை சுமப்பீர்கள், தண்ணீர் ஊற்றுவீர்கள். சித்தாள் வேலை. அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் பணத்தை அனுப்பிவிட்டு இங்கேயே இருந்துவிடலாம். அதுவும் நல்ல காரியம்தான்.

நான் போனது 2023 ஜூலையில், மலாவியின் தெற்கே முலாஞ்சே மலையடிவாரத்துக்கு. அந்த மார்ச்சில்தான் ஃப்ரெடி புயல் அந்தப் பகுதியைப் புரட்டிப்போட்டிருந்தது. ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தார்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரம் பேரைத் தாண்டியது. காற்றைவிடத் தண்ணீர் செய்த அழிவு அதிகம். ஏழைகளின் வீடு அங்கே பெரும்பாலும் வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல், மண் சாந்து, ஆழமில்லாத அஸ்திவாரம். நாள்கணக்கில் மழை பெய்தால் சுவரின் அடி ஊறிக் கரைகிறது. அப்புறம் மேலே இருக்கும் பாரம் முழுவதும் ஒரே சமயத்தில் இறங்குகிறது. நான் பார்த்த ஒரு வீட்டில் கதவு நிலை மட்டும் நின்றது. சுற்றிலும் மண்மேடு.

அதனால் புதிய வீட்டில் கொத்தனார் கவனம் முழுவதும் கீழேயும் மேலேயும் இருந்தது. பேஸ்மட்டத்தை உயர்த்தினார். சுவரின் கடைசிச் சில வரிசைகளுக்குள் கம்பியை விட்டு, கூரைக் கட்டையை அதோடு இழுத்துக் கட்டுவது எப்படி என்று முதல் நாளே எங்களுக்குக் காட்டினார். தகரம் பறந்துபோகாமல் காப்பது அந்தக் கம்பிதான். தகர ஷீட்டுக்கு அங்கே ‘மலாட்டா’ என்று பெயர். சாதாரணச் சொல் இல்லை அது. 2014இல் ஏழைகளுக்கு மலாட்டாவும் சிமென்ட்டும் மானியத்தில் தருகிறோம் என்று அரசே ஒரு திட்டம் தொடங்கியது. புல் கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், அதற்குள் ஒழுகும். நம் ஊரில் ஓலையிலிருந்து ஓட்டுக்கு மாறிய குடும்பங்களுக்கு இது புரியும்.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லவேண்டும். எங்களை அழைத்துப்போனவர்கள், ஆளுக்கொரு சுவர் கட்டிப்பாருங்கள் என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்படிக் கொடுத்திருக்கவே கூடாது. மூன்று வரிசை வைத்தோம். கொத்தனார் வந்து தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் மூன்று வரிசையையும் பிரித்தார். செங்கல்களில் ஒட்டிய சாந்தைச் சுரண்டச் சொன்னார். சுரண்டியதில் சில உடைந்தன. உடைந்த துண்டுகளை அந்த வீட்டுக்காரப் பெண் பொறுக்கி ஓரமாக அடுக்கினார். அந்தச் செங்கல் எல்லாம் அவர் தங்கைகளோடு சேர்ந்து தண்ணீர் சுமந்து, மண் மிதித்து, அச்சில் அடித்துச் சுட்டவை. அன்றைக்குப் பிறகு நான் கரண்டியைத் தொடவில்லை. சும்மாடு கட்டிக்கொண்டு செங்கல் சுமந்தேன்.

நீங்கள் இன்ஜினியர் என்பதால் உங்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அதிகம். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லலாம், கேட்டால். கேட்பதற்கும் நிறைய இருக்கிறது. செங்கல் சுட எவ்வளவு விறகு போகிறது என்று விசாரியுங்கள். சூளையால் காடு போகிறது என்பது அந்த நாட்டின் பெரிய கவலை. மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்தி, சுடாமலே பதப்படுத்தும் கட்டிகளை இப்போது பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். கழிப்பறையையும் விடாமல் பாருங்கள். 1970களில் இன்றைய ஜிம்பாப்வேயில் உருவான வடிவம். உள்ளே வேண்டுமென்றே இருட்டாக வைப்பார்கள். குழியிலிருந்து ஒரு குழாய் கூரைக்கு மேலே போகும், அதன் வாயில் வலை. மேலே வீசும் காற்று நாற்றத்தை இழுத்துக்கொள்ளும். குழியில் இருக்கும் ஈ குழாயின் உச்சியில் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துப் பறந்து வலையில் மாட்டிக்கொள்ளும். மின்சாரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

வீடு யாருடையது என்ற கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம். மலாவியின் மத்தியிலும் தெற்கிலும் தாய்வழிச் சமூகங்கள் அதிகம். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண்ணின் ஊருக்குப் போகிறார். அந்த முறைக்கு ‘சிகம்வினி’ என்று பெயர். போன இடத்தில் மாமியார் நிலத்தில் மனைவிக்கு ஒரு வீடு கட்டித்தர வேண்டியது அவர் கடமை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நாம் இரண்டாகச் சொல்வது அங்கே ஒரே காரியம். ஆக, ஆண் துணை இல்லாத பெண்ணுக்கு வீடு கட்டப்போகும்போது நாம் ஒரு மருமகனின் இடத்தில் போய் நிற்கிறோம். அந்த இடத்துக்கு உரிய அடக்கம் வேண்டும். இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

இந்த மாதிரிப் பயணங்களின் வேர் எங்கே என்று பார்த்தாலும் இதே விஷயம்தான் வருகிறது. மில்லர்ட் ஃபுல்லர் என்ற அமெரிக்கர் தன் சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, 1973இல் மனைவி லிண்டாவோடு அன்றைய ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) உள்ள ம்பண்டாக்கா நகரத்துக்குப் போய் வீடுகள் கட்டினார். திரும்பி வந்து 1976இல் ஹேபிடாட் ஃபார் ஹ்யுமானிட்டி அமைப்பை இருவரும் தொடங்கினார்கள். அவர்கள் வகுத்த முறையில் வீட்டுக்காரரும் கூடவே உழைக்கவேண்டும், விலையை வட்டியில்லாமல் சிறிது சிறிதாகத் திருப்பித்தரவேண்டும். தானமாகக் கொடுக்கவில்லை, பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பங்கு எந்த அளவு இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு திட்டத்தை நான் எடைபோடுவேன். பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? கொத்தனாருக்கும் ஆட்களுக்கும் கூலி யார் தருகிறார்கள், எவ்வளவு? நிலம் யார் பெயரில்? நாங்கள் கிளம்பிய பிறகு மீதி வேலையை யார் முடிப்பார்கள்? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், அங்கே உங்களை ‘ம்வென்யே’ என்பார்கள். இந்தியர்களுக்கு அந்தப் பெயர். ஊர் ஊராகக் கடை வைத்திருந்த குஜராத்தி வியாபாரிகளை அவர்களுக்கு மூன்று தலைமுறையாகத் தெரியும். இந்தியர் ஒருவர் மண் சுமப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள். குழந்தைகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அம்மா கேட்டதற்கு வருகிறேன். வீடில்லாதவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், உங்கள் சைட்டிலேயே இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் தகர ஷெட்டில் படுத்திருப்பார்கள். அந்த ஷெட்டுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக் கேட்டு வாங்கித்தரும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஜூலை வரை காத்திருக்கவேண்டாம், இந்த வாரமே செய்யுங்கள். செய்துவிட்டுச் சொன்னால் அம்மா மலாவிக்குத் தடை சொல்லமாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. அந்த ஊரில் கதவைத் தட்டமாட்டார்கள். வெளியே நின்று ‘ஓடி’ என்று குரல் கொடுப்பார்கள். உள்ளேயிருந்து ‘ஓடினி’ என்று பதில் வந்தால்தான் காலெடுத்து வைப்பார்கள். பத்தாம் நாள், சுவர் ஜன்னல் மட்டத்தைத் தாண்டியிருந்தது. கூரை இல்லை, கதவு இல்லை. பத்து நாளாக நாங்கள் இஷ்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த இடம். சாந்துச்சட்டியோடு வாசல் வழியாக உள்ளே போனேன். அந்தப் பெண்ணின் அம்மா எதிரே வந்தார். சட்டியை வாங்கிக் கீழே வைத்தார். என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவர் மட்டும் உள்ளே போய் நின்று என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ‘ஓடி’ என்றேன்.

‘ஓடினி’ என்றார்.